தலைமை மாறும்போது திரைக்குள் பறக்கும் விமானங்களுக்கு என்ன ஆகிறது?

சிட்னியில் வென்ற்வேர்த்வில், ரூங்காபி, பென்டில்ஹில் பக்கங்களிலும் மெல்பேர்ணில் டன்டினோங், கிளேற்றன், எப்பிங் பக்கங்களிலும் எமது வீடுகள் சிலவற்றில் ஒரு மூலை இப்போது விமானி அறையாகிவிட்டது. கணினித் திரை, விமானத்தில் இருப்பது போன்ற பிடி, கால்மிதி, தலையில் மாட்டும் ஒலிவாங்கி. இதை 'பிளைட் சிமுலேற்றர்' என்கிறார்கள். சுட்டு விளையாடுவதற்கு இதில் எதுவும் இல்லை. எரிபொருளைக் கணக்கிட்டு, காற்றின் திசையைப் பார்த்து, ஓடுபாதை இலக்கத்தைக் கேட்டு, மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவதுதான் முழு விடயமும். பார்த்துக்கொண்டிருப்பவருக்குச் சலிப்பாக இருக்கும். பறப்பவர் மூன்று மணித்தியாலம் எழும்பமாட்டார்.

எம்மவரிடையே இதில் இறங்கியோர் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, விமானியாகும் ஆசையுள்ள பிள்ளைகள். மற்றது, ஓய்வுபெற்ற, அல்லது ஓய்வை நெருங்கும் எமது வயதினர். இந்த இரண்டாவது வகையைப் பற்றி வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. பாதுகாப்பு விசா பெற்றவர்களுக்கு 8559 என்றொரு நிபந்தனை உண்டு. எந்த நாட்டிலிருந்து பாதுகாப்புக் கேட்டோமோ அந்த நாட்டுக்கு அமைச்சரின் எழுத்துமூல அனுமதியின்றிப் போகக்கூடாது என்பது அது. இணைப்பு விசாவில் வருடக்கணக்காக இருப்போருக்கு வெளியே போனால் திரும்பி வரும் உரிமையே பெரும்பாலும் இல்லை. குடியுரிமை எடுத்தபின்னும் மனம் ஒப்பாமல் போகாதோர் உண்டு. இவர்களில் சிலர் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கணினியைப் போட்டு, ஒரு சிறிய செஸ்னா விமானத்தில் ஆனையிறவுக்கு மேலாக வடக்கே போய், கடல்நீரேரியைப் பார்த்து, பலாலியில் இறங்கிவிட்டுப் படுக்கப் போகிறார்கள்.

ஆகவே, அமெரிக்காவின் ரெட்மண்ட் நகரில் ஒரு பிரதம நிறைவேற்று அதிகாரி மாறினார் என்றால், அல்லது மெல்பேர்ணில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் தலைமை கைமாறியது என்றால், அது தொழில்நுட்பப் பக்கத்துச் செய்தி என்று எமது வீடுகளில் தள்ளிவிட முடியாது. கணக்கியல் படித்து, பிறருடைய ஐந்தொகைகளைப் பார்த்தே காலத்தைக் கழித்த எமக்கு இதில் வேறொரு ஆர்வமும் உண்டு. தலைமை மாற்றம் ஒரு நிறுவனத்தின் பங்குதாரருக்கு என்ன செய்கிறது என்று எழுதுவோர் பலர். அந்த நிறுவனத்தின் பொருளை வாங்கி வைத்திருப்பவருக்கு அது என்ன செய்கிறது என்பதை இங்கே பார்ப்போம்.

பழைய கதை

இந்த மென்பொருளின் மூலவர் புரூஸ் ஆர்ட்விக். இலினோய் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவருடைய சப்லொஜிக் நிறுவனம் 1979 அளவில் அப்பிள் 2 கணினிக்கு முதலாவது சிமுலேற்றரை வெளியிட்டது. கோடுகளால் ஆன மலை, கோடுகளால் ஆன ஓடுபாதை, அவ்வளவுதான். 1982இல் மைக்ரோசொப்ட் அதன் உரிமத்தைப் பெற்று ஐபிஎம் கணினிக்கு வெளியிட்டது. பின்னர் ஆர்ட்விக் தன் பெயரில் தனி நிறுவனம் தொடங்கினார். 1995இல் அதையும் மைக்ரோசொப்ட் வாங்கிக்கொண்டது.

இடையில் ஒரு சிறு விடயம். அந்தப் பழைய பதிப்புகளில் கணினியைப் போட்டவுடன் விமானம் நிற்கும் இடம் சிக்காகோவின் மெய்க்ஸ் பீல்ட் என்ற ஏரிக்கரை விமான நிலையம். 2003 மார்ச் 30ஆம் திகதி இரவு நகர மேயரின் உத்தரவில் புல்டோசர்கள் வந்து அந்த ஓடுபாதையைக் கிளறி எறிந்தன. இன்று அங்கே பூங்கா. ஆனால் சிமுலேற்றர் அன்பர்கள் அதைக் கைவிடவில்லை. பின்வந்த பதிப்புகளுக்கு அவர்களே மெய்க்ஸை மீண்டும் வரைந்து இணைத்தார்கள். மண்ணில் இல்லாத இடம் கணினியில் இருக்கிறது. இதை எம்மவருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

2000ஆம் ஆண்டு ஜனவரியில் பில் கேட்ஸ் மைக்ரோசொப்டின் பிரதம நிறைவேற்றுப் பதவியை ஸ்டீவ் பால்மரிடம் கொடுத்தார். 2006 ஒக்டோபரில் 'பிளைட் சிமுலேற்றர் எக்ஸ்' வெளிவந்தது. 2008 ஜூன் மாத இறுதியில் கேட்ஸ் அன்றாட வேலையிலிருந்தும் விலகினார். ஏழு மாதம் கழித்து, 2009 ஜனவரி 22ஆம் திகதி, உலக நிதி நெருக்கடியைக் காரணங்காட்டி 5,000 பேர் வரை ஆட்குறைப்பு என்று மைக்ரோசொப்ட் அறிவித்தது. அந்த அலையில் சிமுலேற்றரைச் செய்துவந்த ஏசஸ் ஸ்ரூடியோவே மூடப்பட்டது.

இதைக் கேட்ஸ் போனதால் வந்த வினை என்று சிலர் சொல்வார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். எக்ஸ் பதிப்பு வெளிவந்ததே பால்மரின் காலத்தில்தான். ஆனால் ஒன்று சொல்லலாம். செலவைக் குறைக்கும் நேரத்தில் மேசையைச் சுற்றி இருப்போரில் "இது எங்கள் வீட்டுப் பழைய பொருள், இதை விட்டுவிடுங்கள்" என்று சொல்ல ஆள் இல்லையென்றால், இலாப நட்டக் கணக்கில் சிறிய வரியாக இருப்பதுதான் முதலில் வெட்டப்படும். எந்த நிறுவனத்திலும் இதுதான் நடைமுறை.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். லொக்ஹீட் மார்ட்டின் என்ற ஆயுத, விமான நிறுவனம் அந்த மென்பொருளின் தொழில்முறைப் பதிப்பின் உரிமத்தைப் பெற்று 'பிரிப்பேர்ட்' என்ற பெயரில் பயிற்சிக்கான சிமுலேற்றரை வெளியிட்டது. 2012 பெப்ரவரியில் மைக்ரோசொப்டே 'பிளைட்' என்ற இலவசப் பொருளைக் கொண்டுவந்தது. உலகம் முழுவதும் பறந்து பழகியவர்களிடம் ஹவாய்த் தீவு ஒன்றைக் கொடுத்து, மிச்சத்தைக் காசு கொடுத்து வாங்கு என்றது. வெளியார் செய்த விமானங்களுக்கும் நிலக்காட்சிகளுக்கும் கதவைச் சாத்தியது. ஐந்து மாதத்தில், அதே ஆண்டு ஜூலையில், அதன் வேலையும் நிறுத்தப்பட்டது. 2014இல் டவ்ரெயில் என்ற பிரித்தானிய நிறுவனம் உரிமம் பெற்றுப் பழைய எக்ஸை மீண்டும் விற்றது. அவர்கள் 2017இல் புதிதாகத் தொடங்கிய 'பிளைட் சிம் வேர்ல்ட்' அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது.

மெல்பேர்ணிலிருந்து பார்த்தால்

2009க்கும் 2020க்கும் இடைப்பட்ட இந்தப் பதினொரு ஆண்டுகளில் ஒரு வேடிக்கை நடந்தது. தாய் நிறுவனம் கைவிட்ட பொருளைச் சுற்றி ஒரு பெரிய சந்தை வளர்ந்தது. சிமுலேற்றரில் அடிப்படை மென்பொருளோடு வருவது ஒரு பொதுவான உலகம். அதன்மேல் நல்ல விமானம் வேண்டுமென்றால் ஒருவரிடம், நல்ல விமான நிலையம் வேண்டுமென்றால் இன்னொருவரிடம், நல்ல நிலக்காட்சி வேண்டுமென்றால் மூன்றாமவரிடம் தனித்தனியாக வாங்க வேண்டும். இந்த மேலதிகங்களுக்குக் கொடுக்கும் காசு, காலப்போக்கில் அடிப்படை மென்பொருளுக்குக் கொடுத்ததைப்போல் பல மடங்காகிவிடும். வீட்டுக்காரி கணக்குக் கேட்கும்வரை எவரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

அந்த நிலக்காட்சித் தொழிலில் உலகளவில் பெயரெடுத்த நிறுவனங்களில் ஒன்று எமது மாநிலத்தில், விக்ரோரியாவில், பிறந்தது. ஜோன் வெனிமா என்பவர் தொடங்கிய ஓர்பெக்ஸ். எக்ஸ் பதிப்பில் அவுஸ்திரேலியா ஒரே காய்ந்த புல்வெளியாகத் தெரிந்த காலத்தில், நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இங்குள்ள மண்ணின் நிறமும் மரத்தின் வடிவமும் வருமாறு செய்து விற்றார்கள். மெல்பேர்ண் விமான நிலையத்தையும் செய்தார்கள். பிறகு ஐரோப்பா, வட அமெரிக்கா என்று விரிந்தார்கள். ஒரு தனிமனிதரின் பித்தில் தொடங்கிய வேலை என்பது அந்தப் பொருட்களைப் பார்த்தாலே தெரியும். ஆளில்லாத ஒரு கிராமத்துப் புல்தரை ஓடுபாதைக்கு மூலை முடுக்கெல்லாம் பார்த்துப் பார்த்து வேலை செய்திருப்பார்கள். கணக்காளர் ஒருவர் அருகில் இருந்திருந்தால் "இதை எத்தனை பேர் வாங்குவார்கள்?" என்று கேட்டு நிறுத்தியிருப்பார்.

பின்னர் வெனிமா பிரதம நிறைவேற்று அதிகாரி பொறுப்பை அன்னா சிக்கொன்யானி என்ற பெண்மணியிடம் கையளித்தார். தொடங்கியவர் கையிலிருந்து, நிர்வகிக்க வந்தவர் கைக்கு. இந்த மாற்றம் எந்தக் குடும்ப வியாபாரத்திலும் நாம் காண்பதுதான். ஹோம்புஷில் உள்ள எமது மளிகைக்கடைகளிலும் தகப்பன் கல்லாவை மகளிடம் கொடுக்கும் நாளில் வாடிக்கையாளர்கள் இரண்டு விடயங்களைத்தான் கவனிப்பார்கள்: பழைய கடன் கொப்பி மதிக்கப்படுகிறதா, தட்டில் உள்ள சாமான் மாறுகிறதா.

ஓர்பெக்ஸ் விடயத்தில் கடன் கொப்பி என்பது முன்பு வாங்கியவர்களின் பட்டியல். ஒரு சிமுலேற்றருக்கு வாங்கிய நிலக்காட்சியை இன்னொரு சிமுலேற்றருக்கு மீண்டும் வாங்கும்போது பழையவருக்கு விலைக்கழிவு கொடுப்பது அந்த நிறுவனத்தின் வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. வாங்கியவை எல்லாம் ஒரே செயலியில் பதிவாகி, கணினி மாறினாலும் திரும்ப இறக்கக்கூடியதாக உள்ளன. தட்டில் உள்ள சாமானைப் பொறுத்தவரை, ஒரே சிமுலேற்றரை நம்பியிருந்த கடை இப்போது பல சிமுலேற்றர்களுக்கு விற்கும் கடையாகிவிட்டது. நகரங்களின் அடையாளக் கட்டடங்களை ஒரு பொதியாகக் கட்டி விற்பது போன்ற, பலரும் வாங்கக்கூடிய பொருட்கள் முன்னுக்கு வந்தன. சிட்னித் துறைமுகத்தின் மேலாகப் பறக்க எவருக்கும் ஆசை வரும். புல்தரை ஓடுபாதைக்கு அப்படியல்ல. பழைய அன்பர்கள் இதில் முகம் சுளிப்பதை நாம் அறிவோம். ஆனால் ஒரே கொள்வனவாளரை, ஒரே தளத்தை நம்பி நிற்கும் வியாபாரம் எந்த நாளும் ஆபத்தானது. 2009 ஜனவரியையும் 2012 ஜூலையையும் கண்ட ஒரு தொழிலில் இந்த முடிவைக் குறை சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

இன்னொரு அவுஸ்திரேலிய உதாரணத்தையும் சொல்ல வேண்டும். பிரிஸ்பேனில் ஓரான் என்ற நிறுவனம் 2001இல் 'ரெயின்ஸ்' என்ற புகையிரத சிமுலேற்றரை வெளியிட்டது. உலகம் முழுவதும் அன்பர்கள் அதில் தங்கள் ஊர்ப் புகையிரதப் பாதைகளை வரைந்தார்கள். ஓரானின் தலைமையோ 'பியூரி' என்ற இணையவழிச் சண்டை விளையாட்டில் பெரும் காசைப் போட்டது. அது 2007 ஒக்டோபரில் வந்து தோற்றது. டிசெம்பரில் நிறுவனம் வீழ்ந்தது. ஆனால் புகையிரதம் பிழைத்தது. என்3வி என்ற புதிய நிறுவனத்தின்கீழ் ரெயின்ஸ் இன்றுவரை தொடர்கிறது. சண்டை விளையாட்டுக்கு வந்தவர்கள் வேறு விளையாட்டுக்குப் போனார்கள். பாதை போட்டவர்கள் போகவில்லை, அவர்களைத் திரும்பவும் வாடிக்கையாளராக எடுக்க ஒருவர் முன்வந்தார். ஐந்தொகையில் 'நன்மதிப்பு' என்று ஒரு வரி போடுகிறோமே, அது உண்மையில் என்ன என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் எமக்குத் தெரியாது.

நல்ல செய்தியின் செலவு

2014 பெப்ரவரியில் ஹைதராபாத்தில் பிறந்த சத்யா நாதெல்லா மைக்ரோசொப்டின் தலைவரானார். அடுத்த மாதம் விளையாட்டுப் பிரிவின் பொறுப்பு பில் ஸ்பென்சரிடம் போனது. நாதெல்லா அதற்குமுன் முகில் கணிமைப் பிரிவை நடத்தியவர். அதாவது, உலகெங்கும் பெரிய தரவுக் கூடங்களைக் கட்டி, அவற்றின் சேமிப்பையும் கணிப்பையும் வாடகைக்கு விடும் வியாபாரம். நிறுவனத்தின் பார்வை அந்தப் பக்கம் திரும்பியது.

2019 ஜூனில் புதிய பிளைட் சிமுலேற்றர் வருகிறது என்று அறிவித்தபோது பழையவர்கள் கண்ணீர் விட்டார்கள் என்று சொன்னால் மிகையல்ல. 2020 ஓகஸ்ட் 18ஆம் திகதி அது வெளிவந்தது. செய்தது பிரான்ஸின் போர்தோ நகரில் உள்ள அசோபோ ஸ்ரூடியோ. மைக்ரோசொப்ட் பக்கத்தில் பொறுப்பாளர் யோர்க் நொய்மன். செய்மதிப் படங்களும் வான்படங்களும் பிங் வரைபடத்திலிருந்து வந்தன. இரண்டு பெற்றாபைற்றுக்கு மேற்பட்ட தரவு மைக்ரோசொப்டின் முகிலில் இருந்தது; பறக்கப் பறக்க அது இணையவழியாக வந்து இறங்கியது. சுமார் 37,000 விமான நிலையங்கள். வீடுகளை எவரும் கையால் வரையவில்லை. படத்தில் கூரையைக் கண்டுபிடித்து அதன்மேல் வீட்டை எழுப்பும் வேலையை ஒஸ்திரியாவின் கிராஸ் நகரத்து நிறுவனம் ஒன்றின் செயற்கை நுண்ணறிவு செய்தது.

பால்மரின் காலத்தில் சிறிய செலவு வரியாக இருந்த அதே பொருள், நாதெல்லாவின் காலத்தில் முகில் வியாபாரத்தின் கண்ணாடி அலுமாரி ஆனது. எமது கணிப்பு இதுதான்: சிமுலேற்றர் திரும்பி வந்ததற்குக் காரணம் எவருக்கும் எம்மீது இரக்கம் வந்தது அல்ல. புதிய தலைமை விற்க விரும்பிய பொருளை இதைவிட அழகாகக் காட்டும் வேறொன்று அவர்களிடம் இருக்கவில்லை.

இனி அந்தச் செலவுக்கு வருவோம். எக்ஸ் பதிப்பு அநாதையாகக் கிடந்த பதினொரு ஆண்டும் அது மாறவில்லை. மாறாததால் அதற்கு வாங்கிய விமானமும் நிலக்காட்சியும் உடையவில்லை. ஒரு முறை சரிசெய்து வைத்தால் அது அப்படியே ஓடும். புதிய சிமுலேற்றர் வந்ததும் அந்தப் பழைய கொள்வனவுகளில் பெரும்பகுதி புதியதில் பொருந்தாமல் போனது. திரும்ப வாங்கவேண்டி வந்தது. அதோடு, உயிருள்ள மென்பொருள் அடிக்கடி புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் பின் ஏதோவொரு விமானம் ஓடாமல் நிற்கும். அதைச் செய்தவர் திருத்தும்வரை காத்திருக்க வேண்டும். கைவிட்ட தலைமையால் வந்த நட்டம் ஒரு நாளில் தெரிந்தது. மீட்டெடுத்த தலைமையால் வந்த நட்டம் மாதாமாதம் வங்கி அட்டையில் தெரிந்தது. பெறுமானத் தேய்வு என்பது பொருள் பழசாவதால் மட்டும் வருவதில்லை, சந்தை வேறு இடத்துக்குப் போவதாலும் வரும் என்று முதலாம் ஆண்டுப் பாடத்தில் இருக்கிறது.

வெளியான முதல் வாரத்தில் மெல்பேர்ண் உலகச் செய்தியானதை வாசகர்களில் சிலர் மறந்திருக்கமாட்டார்கள். வடக்கே போக்னர் பகுதியில், தாழ்ந்த வீடுகளுக்கு நடுவே, வானத்தைக் கிழித்துக்கொண்டு ஊசிபோல் ஒரு கோபுரம் சிமுலேற்றரில் நின்றது. காரணம் தேடியபோது, 'ஓப்பின் ஸ்ட்ரீற் மப்' என்ற திறந்த வரைபடத்தில் தொண்டர் ஒருவர் ஒரு கட்டடத்தின் மாடி எண்ணிக்கையை 2 என்று போடுவதற்குப் பதிலாக 212 என்று தட்டியிருந்தார். வரைபடத்தில் அது பின்னர் திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் அதற்கு முன்பே தரவை எடுத்த சிமுலேற்றர் அதை நம்பி 212 மாடி கட்டிவிட்டது. பலர் கோபுரத்தைத் தேடிப் பறந்துபோய் அதன் உச்சியில் இறங்கவும் முயன்றார்கள். இந்தக் கதையைச் சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. பின்னால் இது தேவைப்படும்.

2021 ஜூலையில் சிமுலேற்றர் எக்ஸ்பொக்ஸ் பெட்டிக்கும் வந்தது. கணினி வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு அது நல்ல காரியம். 2022 தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவுக்கான இலவசப் புதுப்பிப்பு வந்தது. 2024 நவம்பர் 19ஆம் திகதி அடுத்த பதிப்பு. இதில் விமானங்கள் உட்படப் பெரும்பகுதியே முகிலிலிருந்துதான் வருகிறது. வெளியான அன்று வழங்கிகள் தாங்கவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்கள் மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள். உள்ளே போனவர்களுக்கும் சில விமானங்கள் வந்துசேரவில்லை. நொய்மனும் அசோபோவின் தலைவரும் காணொளியில் வந்து விளக்கம் சொன்னார்கள்.

இங்கேதான் எமது கவலை. எக்ஸ் பதிப்பைத் தலைமை கைவிட்டபோது வட்டு எங்கள் அலுமாரியில் இருந்தது. இப்போதைய பதிப்பைத் தலைமை கைவிட்டால் அலுமாரியில் என்ன இருக்கும்? 2024 மார்ச் 31ஆம் திகதி யூபிசொப்ட் நிறுவனம் 'த குரூ' என்ற காரோட்ட விளையாட்டின் வழங்கிகளை அணைத்தது. வட்டில் வாங்கியவருக்குக்கூட அது அதன்பின் ஓடவில்லை. அதை எதிர்த்து ஐரோப்பாவில் பெரிய இயக்கமே எழுந்தது. சிமுலேற்றருக்கு அப்படி நடக்கும் என்று நாம் ஆரூடம் சொல்லவில்லை. ஆனால் இன்று அது நடப்பதும் நடவாததும் ஒரு பொறியியல் விடயம் அல்ல. ஒரு தலைமை எடுக்கும் தீர்மானம்.

கையில் என்ன இருக்கிறது

அவுஸ்திரேலியாவில் இருப்பதில் ஒரு நன்மை உண்டு. நுகர்வோர் சட்டம் மென்பொருளுக்கும் பொருந்தும் என்பது நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட்ட விடயம். ஸ்ரீம் என்ற இணையக் கடையை நடத்தும் அமெரிக்க நிறுவனமான வல்வ் மீது போட்டி, நுகர்வோர் ஆணைக்குழு 2014இல் வழக்குப் போட்டது. 'எமது நிபந்தனைகளின்படி பணம் திருப்பித் தரமாட்டோம்' என்று அவுஸ்திரேலியர்களுக்குச் சொன்னது சட்டவிரோதம் என்று 2016இல் சமஷ்டி நீதிமன்றம் கண்டது. அதே ஆண்டு இறுதியில் 30 இலட்சம் டொலர் தண்டம். மேன்முறையீடு தோற்றது, 2018இல் உயர் நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்தது. ஆகவே வாங்கிய விமானம் சொன்னபடி ஓடவில்லையென்றால், கடை அமெரிக்காவில் இருந்தாலும் கேட்கும் உரிமை உண்டு. பற்றுச்சீட்டு மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள். வருமான வரிக்கு வைக்கும் கோப்போடு இதையும் வைப்பதில் ஒரு நட்டமும் இல்லை.

கணக்காய்வு செய்வோர் ஒரு நிறுவனம் அடுத்த 12 மாதம் தொடர்ந்து இயங்குமா என்று கேட்க வேண்டும் என்பது இங்குள்ள ஏஎஸ்ஏ 570 நியமம். ஐம்பது, எண்பது டொலர் கொடுத்து ஒரு விமானத்தை வாங்குபவரும் அந்தக் கேள்வியைச் சற்றுச் சுருக்கிக் கேட்கலாம். செய்பவர் ஒருவரா, பலரா? தொடங்கியவர் போனால் எடுத்து நடத்த ஆள் உண்டா? ஒரே சிமுலேற்றரை நம்பி நிற்கிறாரா? 'எக்ஸ் பிளேன்' என்ற போட்டிச் சிமுலேற்றரை ஒஸ்ரின் மையர் என்ற ஒரே மனிதர் 1990களிலிருந்து நடத்திவருகிறார். தலைமை மாறாத நிறுவனம். அன்பர்களுக்கு அது நிம்மதி. அதே காரணத்தால், கணக்காய்வாளரின் கண்ணுக்கு அதுவே முதற்கேள்வி.

விமானியாக விரும்பும் பிள்ளையின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் பறந்த மணித்தியாலங்கள் விமானி உரிமத்துக்குக் கணக்கில் வராது. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிக் கருவி வேண்டும். ஆனால் கருவிகளை வாசிக்கவும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு ஆங்கிலத்தில் தடுமாறாமல் பேசவும் இது பழக்கும். ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் புதிய கணினி கேட்டால், பழையதிலும் அதெல்லாம் பழகலாம் என்று துணிந்து சொல்லலாம்.

பலாலிக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம் அது. 1990இல் அதைச் சுற்றி வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்த கதையை இந்தப் பக்கத்தின் வாசகர்களில் பலர் தாங்களே நடந்து அறிந்தவர்கள். 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னையிலிருந்து அலையன்ஸ் எயரின் ஏரிஆர் விமானம் வந்திறங்கியது. பெருந்தொற்றோடு நின்ற சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது.

ஒரு நிறுவனம் மெல்பேர்ணைச் செய்யும், இலண்டனைச் செய்யும், சிங்கப்பூரைச் செய்யும். வாங்க ஆள் உண்டு. பலாலியைக் காசுக்குச் செய்ய எந்தத் தலைமையும் முன்வராது, வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. எனவே அங்கே சிமுலேற்றரில் நாம் காண்பது பெரும்பாலும் இயந்திரத்தின் ஊகம். கூரை தெரிந்த இடத்தில் வீடு. பச்சை தெரிந்த இடத்தில் ஏதோவொரு மரம். பனையைத் தேடினால் ஏமாற்றம்தான். மண்ணின் நிறமும் கடலின் நிறமும் மட்டும் படத்திலிருந்து வருவதால் ஊகமின்றி வருகின்றன. கீரிமலைப் பக்கத்துச் செம்மண்ணைக் கண்டதும் அடையாளம் சொன்ன பெரியவர்கள் இருக்கிறார்கள்.

இதைச் சரிசெய்யும் வழி இரண்டு. சிமுலேற்றரோடு இலவசமாக வரும் உருவாக்கக் கருவியை வைத்து, கணினி தெரிந்த எமது பிள்ளைகள் விமான நிலையத்தைத் தாங்களே வரையலாம். உலகின் பல சிறு நிலையங்கள் அப்படித்தான் இலவசமாகக் கிடைக்கின்றன. இதில் உள்ள குறை, கருவி மைக்ரோசொப்டினுடையது; பதிப்பு மாறினால் கோப்பும் மாறவேண்டும். மற்றது, போக்னர்க் கோபுரம் காட்டிய வழி. ஒரு தொண்டர் திறந்த வரைபடத்தில் தட்டிய ஒரு இலக்கம் மைக்ரோசொப்டின் உலகத்தில் கோபுரமாக எழும்பியதென்றால், எமது ஊர் ஒழுங்கைகளும் குளங்களும் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் அதே வரைபடத்தில் சரியான பெயரோடும் சரியான மாடி எண்ணிக்கையோடும் இருந்தால் அவையும் ஒருநாள் அங்கே போய்ச்சேரலாம். அந்த வரைபடம் திறந்த உரிமத்தில் உள்ளது. ரெட்மண்டில் யார் கதிரையில் இருந்தாலும் அதை எவரும் மூடிவிட முடியாது. வரைவதற்குக் கணக்கொன்று திறந்தால் போதும், காசில்லை. வரையும்போது செய்மதிப் படத்தில் தெரிவதை மட்டும் வைத்துப் பெயர் போடமுடியாது. எந்த ஒழுங்கை எந்த ஒழுங்கையில் போய் ஏறும், எந்தக் கோயிலுக்கு எந்தப் பெயர் என்று தெரிந்தவர் அருகில் இருக்கவேண்டும். மாடி எண்ணிக்கையில் மட்டும் கவனம்.